படகுக் கக்கூஸில் குழாய் ஒழுகுதா? கிளிப்பை முறுக்காதீங்க

மொரீஷியஸின் கிரான் பேயில் சுற்றுலாக் கட்டமரான் படகுகளில் வேலைக்குச் சேருகிற பையன்களிடம் ஒரு பழக்கம் உண்டு. "அண்ணாச்சி, கக்கூஸுக்குக் கீழ தண்ணி நிக்கி" என்பான். என்ன ஏது என்று நான் குனிந்து பார்ப்பதற்குள் திருப்புளியை எடுத்து, குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பை முறுக்க ஆரம்பித்திருப்பான். அரைச் சுற்று முறுக்கினால் ஒழுக்கு நின்றுவிடும், உண்மைதான். அடுத்த வாரம் முப்பது பயணிகளோடு இல் கேப்ரியேல் தீவுக்குப் போய்த் திரும்பும்போது அதே இடத்தில் மறுபடி சொட்டும். இந்த முறை முறுக்க கிளிப்பில் பல் மிச்சமிருக்காது.

குழாய் இணைப்பு ஒழுகுவது கிளிப் தளர்ந்ததால் என்பது அபூர்வம். குழாயின் முனை காய்ந்து இறுகியிருக்கும், அல்லது உள்ளே, குழாய் ஏறி உட்காரும் நிப்பிள் என்கிற முனையில் சுண்ணாம்புக் காரை ஏறியிருக்கும், அல்லது கிளிப்பே அடிப்பக்கம் துருப்பிடித்து அறுந்திருக்கும். இவை மூன்றும் முறுக்கினால் சரியாகிற விஷயங்கள் இல்லை. கழற்றிப் பார்த்து, சுத்தம் பண்ணி, புதிதாக மாட்டவேண்டும். அரை நாள் வேலை. பயணம் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

முதலில் வேலையைத் தொடங்கும் முன் செய்யவேண்டியது. கடல் தண்ணீரை உள்ளே இழுக்கிற குழாய்க்கும், கழிவை வெளியே தள்ளுகிற குழாய்க்கும் படகின் அடியில் தனித்தனி வால்வு உண்டு. உள்ளே வருகிற வால்வை மூடுங்கள். ஒரு வாளி நல்ல தண்ணீரைக் கோப்பையில் ஊற்றிப் பம்ப் அடியுங்கள், இன்னொரு வாளி ஊற்றி அடியுங்கள். அதற்குப் பிறகுதான் வெளியேற்றும் வால்வை மூடவேண்டும். இந்த வரிசையை மாற்றினால் உங்கள் மடியில்தான் கொட்டும். 38 மி.மீ. குழாய் ஒரு மீட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் பிடிக்கும். இரண்டு மீட்டர் குழாயைக் கழற்றும்போது உள்ளே இருப்பது நல்ல தண்ணீராக இருப்பது நல்லது.

கைப்பிடி குழாயின் போக்கிலேயே இருந்தால் வால்வு திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. ஆனால் வருஷக்கணக்கில் யாரும் தொடாத வால்வு, கைப்பிடி குறுக்கே வந்த பிறகும் உள்ளே முழுதாக மூடியிருக்காது. அதனால் கடல் வால்வோடு சேர்ந்த இணைப்பைக் கழற்றுவதாக இருந்தால் துளையை அடைக்கக் கூம்பு மர ஆப்பு ஒன்றைக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள். குழாயை அரை அங்குலம் தளர்த்தியதும் தண்ணீர் விடாமல் வந்துகொண்டே இருந்தால் திரும்ப உள்ளே தள்ளி, கிளிப்பைப் போட்டுவிட்டு, படகைக் கரையேற்றும் நாள் வரை அந்த இணைப்பைத் தள்ளிவையுங்கள். அதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை. மின்சாரக் கக்கூஸ் என்றால் பிரேக்கரை அணைத்துவிட்டு, யாரும் போடாதபடி சுவிட்சின் மேல் டேப் ஒட்டுங்கள்.

கழிவுத் தொட்டி உள்ள படகானால் அதைக் காலி செய்துவிட்டுத்தான் தொடங்கவேண்டும். அதை லகூனுக்குள், பவளப்பாறை வளையத்துக்கு உள்ளே, செய்யக்கூடாது. வெளிநாடு போகும் கப்பல்களுக்கான மார்போல் என்னும் சர்வதேச விதி, சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்தான் விடச் சொல்கிறது. நம்முடைய படகு வெளிநாடு போவதில்லை, அதனால் அந்த விதிக்குள் வராது. ஆனாலும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் நான் சொல்லும் கணக்கு அதுதான். பவளப்பாறை வளையத்துக்குள் தண்ணீர் ஆழமில்லை, நம் பயணிகள் முகமூடி மாட்டிக்கொண்டு மிதப்பதும் அங்கேதான்.

தொட்டியை ஒட்டி வேலை செய்யும்போது மேலே உள்ள எல்லா ஜன்னல்களையும் திறந்து வையுங்கள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதே, அது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் விஷவாயு. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் நின்றுவிட்டதே என்று நிம்மதியாக உள்ளே தலையை நுழைப்பதுதான் ஆபத்து. கையுறை, கண்ணாடி, பழைய துண்டுகள், வாளி. இவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது. பையன்கள் அவசரப்படுவது இங்கேதான். தண்ணீர் நிற்கும் இடம் ஒன்று, ஒழுகும் இடம் வேறு. குழாயின் அடிவயிற்றில் ஊர்ந்து வந்து தாழ்வான இடத்தில்தான் சொட்டும். கக்கூஸுக்குக் கீழே குளம் கட்டினால் பின்சுவரின் பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிற இணைப்பில் கோளாறு இருக்கலாம்.

முதலில் கண்ணால் பாருங்கள். கடல் தண்ணீர் கசிந்து காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். அந்த வெள்ளைக் கோடு மேலே எங்கே தொடங்குகிறதோ அதுதான் ஊற்றுக்கண். கழிவுக் குழாயில் பழுப்புக் கறையும் ஒட்டும் பிசுக்கும் இருக்கும். கண்ணுக்கு எதுவும் படவில்லையென்றால் எல்லா இணைப்புகளையும் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு டிஷ்யூ காகிதத்தை ஒவ்வொரு இணைப்பையும் சுற்றி ஒரு சுற்று கட்டி, வால்வுகளைத் திறந்து, பத்துப் பதினைந்து முறை பம்ப் அடியுங்கள். எந்தக் காகிதம் முதலில் நனைகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கோப்பைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் கலந்தால் காகிதத்தில் நிறம் ஏறும். நிறம் ஏறினால் கழிவுப் பக்கம் ஒழுகுகிறது. நிறமில்லாமல் வெறும் ஈரமென்றால் கடல் தண்ணீர் வரும் பக்கம். இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

எப்போது ஒழுகுகிறது என்பதும் துப்புதான். பம்ப் அடிக்கும்போது மட்டும் சொட்டினால் பம்புக்கு அப்பால், அழுத்தம் ஏறும் பக்கம் பாருங்கள். யாரும் தொடாதபோதும் சொட்டிக்கொண்டே இருந்தால் நீர்மட்டத்துக்குக் கீழே கடல் வால்வோடு சேர்ந்த இணைப்பாக இருக்கலாம், அல்லது நிறைந்த தொட்டியின் அடியில் இருக்கிற இணைப்பாக இருக்கலாம். தொட்டி நிறையும்போது மட்டும் தொடங்கி, காலியானதும் நின்றுவிட்டால் இரண்டாவதுதான்; சந்தேகமே வேண்டாம்.

ஒழுகவே இல்லை, ஆனால் பம்ப் தண்ணீர் பிடிக்க மாட்டேன் என்கிறது, கோப்பைக்குள் குமிழி குமிழியாக வருகிறது என்றால்? அதுவும் இணைப்புக் கோளாறுதான். கடல் வால்வுக்கும் பம்புக்கும் நடுவே உள்ள குழாய் உறிஞ்சும் பக்கம். நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிற இணைப்பில் பிளவு இருந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். இதற்காகப் பம்ப் வாஷரை மாற்றி மாற்றிக் காசைக் கரைப்பவர்களைப் பார்க்கிறேன்.

குழாய் உயரே ஏறி வளைந்து இறங்குகிற இடத்தின் உச்சியில் ஒரு சின்னக் காற்று வால்வு இருக்கும். கடல் தண்ணீர் தானாக உள்ளே இறங்கிப் படகை நிரப்பிவிடாமல் காப்பது அதுதான். அதன் வாயில் உப்புப் படிந்து சரியாக மூடாமல் போனால் ஒவ்வொரு பம்புக்கும் அங்கிருந்து ஒரு சொட்டு வெளியே வந்து, குழாயின் மேலேயே வழிந்து, கீழே உள்ள கிளிப்பில் வந்து சொட்டும். கிளிப் பாவம், பழி அதன்மேல். காற்று வால்வைக் கழற்றி வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினாலே போதும். எரிச்சலில் அதைப் பசை வைத்து அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் ஒழுக்கு நிற்கும், படகு முழுகும் வழி திறக்கும்.

இடம் தெரிந்தாயிற்று. இனி கழற்றுவோம். சோதனைக்காகத் திறந்த வால்வுகளை முதலில் சொன்ன வரிசையிலேயே மறுபடி மூடுங்கள். கிளிப்பைத் தளர்த்தி, குழாயின் மேலே தள்ளி வையுங்கள். இழுத்தால் குழாய் வராது. வரவே வராது. பழைய வெள்ளைக் குழாய் நிப்பிளோடு ஒன்றாகிப் போயிருக்கும். அதைப் பிடித்து அங்கும் இங்கும் ஆட்டினால் பிளாஸ்டிக் நிப்பிள் முறியும். பிறகு பம்பையே மாற்ற வேண்டி வரும். குழாயில் இன்னும் நீளம் மிச்சமிருந்தால் இழுத்துப் பார்க்கவே வேண்டாம். நிப்பிளுக்கு அப்பால் குழாயைக் குறுக்கே வெட்டுங்கள். நிப்பிளில் ஒட்டியிருக்கிற துண்டை நீளவாக்கில் கத்தியால் கீறி, தோலை உரிப்பதுபோல் உரித்து எடுங்கள். கத்தி நிப்பிளைத் தொடவே கூடாது. நீளவாக்கில் ஒரு கீறல் விழுந்தால் அதன் வழியாகவே நிரந்தரமாக ஒழுகும். அதனால் குழாயின் பருமனில் முக்கால் பங்கு மட்டும் கீறி, மிச்சத்தைத் திருப்புளியால் நெம்பிப் பிளக்கவேண்டும்.

குழாயில் நீளம் இல்லை, அதையே திரும்ப மாட்டவேண்டும் என்றால், வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி இரண்டு நிமிஷம் வையுங்கள். பிறகு இழுக்காமல், திருகுங்கள். திருகிய பின் இழுங்கள்.

வெளியே எடுத்த நிப்பிளையும் குழாயின் உட்புறத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். கடல் தண்ணீரும் சிறுநீரும் சேர்ந்தால் சுண்ணாம்பு மாதிரிக் காரை படியும். பல வருஷக் குழாயில் துளை பாதியாகச் சுருங்கியிருப்பதும் உண்டு. துளை சுருங்கினால் ஒவ்வொரு பம்புக்கும் இணைப்பில் அழுத்தம் ஏறும். ஒழுக்குக்கு அதுவே பாதிக் காரணம். நிப்பிளில் உள்ள காரையை வினிகரில் ஊறவைத்து, மரக்குச்சியால் சுரண்டுங்கள். உப்புத்தாளும் வேண்டாம், அரமும் வேண்டாம். குழாய்க்குள் இருக்கிற காரையைப் போராடி எடுப்பதைவிடக் குழாயை மாற்றிவிடுவதுதான் என் வழக்கம். ஆசிட் ஊற்றுவேன் என்று நின்றால், அதற்கு முன்னாலோ பின்னாலோ ஜாவெல் என்கிற பிளீச் திரவத்தை ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அந்தச் சின்ன அறையில் மூச்சு முட்டிப்போகும். கக்கூஸ் கழுவ ஜாவெலை இந்தத் தீவில் எல்லா வீட்டிலும் வைத்திருப்பதால் சொல்கிறேன்.

கடைக்குப் போகும்போது பழைய குழாயில் ஒரு துண்டையும் பழைய கிளிப்பையும் எடுத்துப்போங்கள். கிளிப் வேண்டுமென்றால் 'கொலியே இனாக்ஸ்' என்று கேளுங்கள், எடுத்துத் தருவார்கள். ஆனால் எல்லா இனாக்ஸும், அதாவது ஸ்டெயின்லெஸ் எஃகும், ஒன்றல்ல. கடல் தண்ணீரைத் தாங்கும் ரகமான 316 என்று பட்டையில் முத்திரை உள்ளதாக வாங்குங்கள். சட்டைப்பையில் ஒரு காந்தம் இருக்கட்டும். பட்டை மட்டும் நல்ல எஃகாகவும் திருகாணி மட்டமான எஃகாகவும் உள்ள கிளிப்புகள் நிறைய வருகின்றன. காந்தம் திருகாணியைப் 'டக்'கென்று பிடித்தால் அதைத் திரும்ப வைத்துவிடுங்கள். பட்டையில் வரிவரியாகத் துளை போட்டது வேண்டாம், அந்தத் துளைக்குள் ரப்பர் பிதுங்கி அறுபடும். துளை இல்லாமல் வெறும் தடம் பதித்த, ஓரம் மடித்த பட்டையே படகுக்கு ஏற்றது. 38 மி.மீ. குழாய்க்கு 40-60 அளவு, 12 மி.மீ. அகலப் பட்டை, 19 மி.மீ. உள்வரும் குழாய்க்கு 20-32 அளவு போதும்.

குழாயில் மிச்சம் பிடிக்காதீர்கள். படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கிற பில்ஜ் பம்புக்குப் போடுகிற நெளிநெளிக் குழாய் விலை குறைவுதான், ஆனால் அதன் மேடு பள்ளத்தின்மேல் கிளிப் எங்கே பிடிக்கும்? சுவரும் மெலிசு, நாற்றம் சுலபமாக வெளியே வரும். கழிவுக்கென்றே செய்த தடித்த குழாய் வாங்குங்கள். 40 மி.மீ. குழாயை 38 மி.மீ. நிப்பிளில் போட்டுக் கிளிப்பால் இறுக்கிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கூடுதல் ரப்பர் எங்கே போகும்? ஒரு மடிப்பாக ஒதுங்கும், அந்த மடிப்புக்குள்ளேயே ஒழுகும்.

மாட்டும் வேலை. குழாயின் முனையை நேர்க்கோணமாக வெட்டுங்கள். சுற்றி ஒரு காகிதத்தைச் சுற்றி அதன் விளிம்பை ஒட்டிக் கோடு போட்டால் கோணல் வராது. உள்ளே கம்பி உள்ள குழாயென்றால் நுண்பல் ஹேக்சா பிளேடு, இல்லாவிட்டால் கூரான கத்தி. இரண்டு கிளிப்பையும் இப்போதே குழாயில் கோத்துவிடுங்கள்.

ஃபிளாஸ்கில் கொதிக்கிற தண்ணீர் கொண்டுபோங்கள். குழாயின் முனையை இரண்டு அங்குலம் அதில் முக்கி ஒன்றிரண்டு நிமிஷம் பிடியுங்கள். ஜூலை, ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று குளிராக அடிக்கும் நாட்களில் குழாய் மரக்கட்டை மாதிரி விறைத்திருக்கும், அப்போது இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். ஹீட் கன் எனக்குப் பிடிக்காது. ஒரு இடம் கருகும், பக்கத்து இடம் விறைப்பாகவே நிற்கும். பெட்ரோல் டாங்க் அருகே இருக்கிற படகில் அதை யோசிக்கவே கூடாது. நிப்பிளில் பாத்திரம் துலக்கும் லிக்விட் ஒரு சொட்டு தடவி, குழாயைத் திருகிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். கிரீஸ், வாசலின் எதுவும் வேண்டாம். அவை பம்ப் ரப்பர்களைத் தின்றுவிடும். லிக்விட் காய்ந்துவிடும்.

நிப்பிளின் கழுத்து வரை, கடைசி வளையத்தையும் தாண்டிக் குழாய் போகவேண்டும். பாதியில் நின்றுவிட்டால், "பரவாயில்ல அண்ணாச்சி, கிளிப் பிடிச்சிக்கும்" என்பான் கூட இருப்பவன். "ஏலே, வெளிய எடு. மறுபடி வெந்நியில முக்கு" என்பேன்.

சிலிக்கான் பசையை நிப்பிளில் பூசி மாட்டுகிறவர்கள் உண்டு. நான் பூசுவதில்லை. தண்ணீரைப் பிடித்து நிறுத்துவது வளையமும் கிளிப்பும்தான். பசை பூசினால் அடுத்த முறை கழற்றும்போது நிப்பிள் முறிவதுதான் கண்ட பலன். திருகு மரை உள்ள இடம் வேறு விஷயம். கடல் வால்வில் நிப்பிளைத் திருகும் இடத்தில் டெஃப்லான் டேப் சுற்றலாம், திருகும் திசையிலேயே. மரையும் மரையும் ஒரே ரகமா என்று முதலில் கையால் திருகிப் பாருங்கள். ஐரோப்பிய மரையில் அமெரிக்க மரை இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். இறுகியதே என்று ஸ்பேனர் போட்டால் வெண்கலமே வெடிக்கும்.

கிளிப் இரண்டையும் எதிர்எதிர்ப் பக்கத்தில் திருகாணி வருமாறு நிறுத்துங்கள். திருகாணிப் பெட்டிக்கு அடியில் பட்டை கொஞ்சம் தூக்கி நிற்கும், அங்கே பிடி குறைவு. ஒன்றின் குறையை மற்றொன்று மூடும். இரண்டு பட்டையும் நிப்பிளின் மேலேயே அமரவேண்டும். நிப்பிள் குட்டையாக இருந்து இரண்டாவது பட்டை வெறும் குழாய்மேல் விழுமானால், அதைப் போடாதீர்கள். அடியில் தாங்க ஒன்றுமில்லாமல் குழாயை நெரித்து அறுக்கும். குட்டை நிப்பிளுக்கு அகலமான ஒரே கிளிப் போதும். குழாயின் வெட்டிய முனையை ஒட்டியும் வைக்காதீர்கள், அரை விரல் உள்ளே தள்ளி வையுங்கள்.

இறுக்குவதற்குத் திருப்புளியைவிட 7 அல்லது 8 மி.மீ. சாக்கெட் நல்லது, வழுக்காது, கை கிழியாது. பட்டையின் இரு ஓரத்திலும் ரப்பர் லேசாக உப்பத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். பட்டை ரப்பருக்குள் புதைந்து தெரிந்தால் ஏற்கெனவே அதிகம்.

திரும்பப் போடும் பழைய கிளிப்பென்றால் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மேலே பளபளவென்று இருக்கும். திருகாணிப் பெட்டிக்குள் காற்றுப் படாமல் உப்புத் தண்ணீர் தேங்குகிற இடத்தில் ஸ்டெயின்லெஸ்ஸும் அரிக்கும். பழுப்புக் கறை சொட்டியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

கொஞ்சம் விலகி, நாற்றத்தைப் பற்றி. எந்தக் காகிதமும் நனையவில்லை, ஆனால் அறைக்குள் நுழைந்தாலே முகம் சுளிக்கிறது என்றால், குழாயே ஊறிப்போயிருக்கிறது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியைக் குழாயின் நடுப்பகுதியில் சுற்றி, ஆறியதும் முகர்ந்து பாருங்கள். துணி நாறினால் குழாயை மாற்றுவதைத் தவிர வழியில்லை, எந்த மணத் திரவமும் உதவாது. குழாய் அடியில் தொங்கி ஒரு பள்ளம் விழுந்திருந்தால் கழிவு அங்கேதான் தங்கி ஊறும். புதுக் குழாய் போடும்போது அந்தத் தொய்வை நிமிர்த்திக் கட்டுங்கள். கோப்பைக்குள் தண்ணீர் மெல்லத் திரும்பி ஏறினால் அது குழாய் ஒழுக்கு இல்லை, பம்ப் வாயில் இருக்கிற ஜோக்கர் வால்வு என்னும் ரப்பர் தளர்ந்துவிட்டது. மலிவான சாமான், வருஷத்துக்கு ஒன்று மாற்றிவிடுங்கள்.

எல்லாம் மாட்டியதும் கடல் வால்வை மெதுவாகத் திறந்து, கையை இணைப்பின் அடியிலேயே வைத்திருங்கள். காய்ந்த டிஷ்யூவை மறுபடி சுற்றுங்கள். கேசரிப் பவுடர் தண்ணீர் ஊற்றி நன்றாகப் பம்ப் அடியுங்கள். தொட்டி உள்ள படகில் தொட்டியை நல்ல தண்ணீரால் நிரப்பி ஓர் இரவு விடுங்கள், காலியாக வைத்துச் சோதித்தால் அடி இணைப்பைப் பற்றி எதுவும் தெரியாது. காலையில் காகிதம் காய்ந்திருந்தால் அன்றே பயணத்துக்கு அனுப்பலாம். குழாயில் மார்க்கர் பேனாவால் மாசமும் வருஷமும் எழுதிவிடுங்கள். அடுத்து வருகிறவன் உங்களைக் கேட்கமுடியாது.

வெயிலிலும் ஆட்டத்திலும் புதுக் குழாய் கொஞ்சம் அமுங்கும். இரண்டு மூன்று பயணம் போய்வந்த பிறகு சாக்கெட்டை எடுத்து ஒவ்வொரு கிளிப்பையும் தொட்டுப் பாருங்கள். கால் சுற்று ஏறும். இந்த ஒரு முறை முறுக்கலாம்.